செல்ஃப் எடுக்காத டிராக்டர்

ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தொப்பி போட்ட ஒரு தாத்தா, குட்டி டிராக்டர் மாதிரி ஒன்றில் சாவகாசமாக உட்கார்ந்து வீட்டு முன்னால் புல் வெட்டிக்கொண்டிருப்பார். அதன் பெயர் ரைடிங் லான் மோவர். நம்ம பக்கம் பெரிய கிரிக்கெட் மைதானம், கோல்ஃப் மைதானம் விட்டால் அதற்கு வேலை கிடையாது. எங்கள் ஆற்காடு பக்கம் புல் வெட்டுகிற வேலையை மாடு பார்த்துக்கொள்கிறது. அது பெட்ரோலும் கேட்காது :)

டெக்சாஸில் இருக்கும் அத்தை மகன் போன வருஷம் அப்படி ஒரு வண்டி வாங்கினார். "நீ மெக்கானிக்கல் படிக்கிற இல்ல, இதைக் கொஞ்சம் படிச்சுப் பார்" என்று அதோடு வந்த புத்தகத்தை எனக்கு அனுப்பி வைத்தார். படித்தேன். பாதிப் புத்தகம் 'செய்யாதே, செய்யாதே' என்றுதான் இருக்கிறது. சரிவில் குறுக்காக ஓட்டாதே, மேலும் கீழுமாக ஓட்டு. மடியில் குழந்தையை வைக்காதே. கத்தி அடைத்துக்கொண்டால் இன்ஜினை நிறுத்திவிட்டுக் கை வை. இதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் ஒரு விஷயம் எனக்குப் புதிது. அந்த வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறது. கத்தி சுற்றிக்கொண்டிருக்கும்போது ஓட்டுகிறவர் சீட்டை விட்டு எழுந்தால் போதும், இன்ஜின் தானாக நின்றுவிடும். நடந்துகொண்டே தள்ளும் புல்வெட்டிக்குக்கூட அமெரிக்காவில் 1982-ல் ஒரு விதி வந்தது. கைப்பிடியை விட்டால் மூன்று நொடிக்குள் கத்தி நிற்க வேண்டும். மனுஷன் மறப்பான், அவசரப்படுவான் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டு மிஷினைச் செய்திருக்கிறார்கள்.

படித்து முடித்ததும் என் நினைவுக்கு வந்தது பெரியப்பாவின் டிராக்டர்.

பெரியப்பாவுக்குத் திமிரி பக்கம் கொஞ்சம் கழனி இருக்கிறது. நெல், மல்லாட்டை, தண்ணீர் இருந்தால் கரும்பு. சொந்தக் கழனி போக அக்கம்பக்கத்துக்கும் மணிக்கணக்கில் வாடகைக்கு ஓட்டுவார். இங்கே கழனி வேலைக்கு ஆள் கிடைப்பது பெரும்பாடு. ராணிப்பேட்டை, மேல்விஷாரம் தோல் கம்பெனிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் காலையில் வேன் வேனாக ஜனங்கள் போய்விடுகிறார்கள். மாதச் சம்பளம் வரும்போது யார் களை பறிக்க வருவார்கள்? அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. அதனால் பத்துப் பேர் செய்த வேலையை இப்போது ஒரு டிராக்டரும் ஒரு ரோட்டவேட்டரும் செய்கின்றன.

ரோட்டவேட்டரைப் பார்க்காதவர்களுக்காக: டிராக்டருக்குப் பின்னால் மாட்டும் கருவி. ஐந்தடி அகல உருளை ஒன்றில் 'ட' எழுத்து மாதிரி வளைந்த கத்திகள் முப்பதுக்கு மேல் இருக்கும். மண்ணைப் புட்டு மாதிரி ஆக்கிவிடும். அதைச் சுற்ற வைப்பது டிராக்டரின் பின்பக்கத்திலிருந்து வரும் பி.டி.ஓ. ஷாஃப்ட். இந்த ஷாஃப்ட் பொதுவாக நிமிடத்துக்கு 540 முறை சுற்றும். அதாவது நொடிக்கு ஒன்பது சுற்று. ஷாஃப்டின் குறுக்களவு சுமார் ஐந்து சென்டிமீட்டர் என்று வையுங்கள், சுற்றளவு கிட்டத்தட்ட பதினாறு. ஒன்பதால் பெருக்கினால் ஒரு நொடிக்கு 144 சென்டிமீட்டர். தோளில் போடும் துண்டின் நீளம் ஒன்றரை மீட்டர். முனை மாட்டினால் ஒரே நொடியில் முழுத் துண்டும் ஷாஃப்டுக்குள். துண்டோ லுங்கியோ மாட்டியது என்று மூளைக்குத் தெரிந்து கை இழுப்பதற்குள் கதை முடிந்துவிடும்.

சரி, அப்படியென்றால் ஓடும்போது பக்கத்தில் போகாமல் இருக்க வேண்டியதுதானே? அங்கேதான் சிக்கல். எங்கள் பக்கத்துக் கழனிகளில் அறுகும் கோரையும் ஜாஸ்தி. அறுவடை முடிந்த நிலத்தில் வைக்கோலும் கிடக்கும். அரை மணிக்கு ஒரு முறை இது எல்லாம் கத்தியைச் சுற்றிக் கயிறு மாதிரி இறுகிவிடும். யாராவது இறங்கி அறுத்து எடுத்தே ஆக வேண்டும். முறைப்படி என்ன செய்ய வேண்டும்? ரோட்டவேட்டரைத் தரையில் இறக்கி, பி.டி.ஓ. லீவரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஸ்டாப் குமிழை இழுத்து இன்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்துப் பைக்குள் போட்டு, கத்தி முழுசாக நின்றதைப் பார்த்துவிட்டு அப்புறம் இறங்க வேண்டும். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஏன் செய்வதில்லை என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "இன்னாடா பேசற நீ... ஆஃப் பண்ணா மறுபடி செல்ஃப் எடுக்கலன்னா கழனி நடுவுல யாரு வந்து தள்ளறது?" என்றார்.

என்னைப் பொறுத்தவரை விஷயம் முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. நாம் என்ன நினைக்கிறோம்? விபத்து என்றால் டிரைவரின் அலட்சியம், படிப்பு இல்லை, பயம் இல்லை... அப்படியெல்லாம் இல்லை. பாட்டரி வீக். அவ்வளவுதான். காலையில் வீட்டு மேட்டிலிருந்து உருட்டி ஸ்டார்ட் செய்துவிட்டால் சாயங்காலம் வரை நிறுத்த மாட்டார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், லீவர் மட்டும் நியூட்ரலில். பழைய வண்டியில் அந்த லீவர் தேய்ந்துபோய் ஒரு குலுக்கலுக்கே விழுந்துவிடும். எங்கள் ஊரில் ஒரு அண்ணனுக்கு அப்படித்தான் ஆனது. கோரையை அறுத்துக்கொண்டிருக்கும்போது கத்தி கால் சுற்றுதான் சுற்றியது. வலது கையில் மூன்று விரல் போயிற்று. அப்போது சீட்டில் ஆள் உட்கார்ந்திருந்தார், அவருடைய சொந்தத் தம்பி. அவர் கால் பட்டதா, லீவர் தானாக விழுந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. அண்ணன் தம்பி இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

இதனால்தான் அமெரிக்காக்காரனின் சீட் ஸ்விட்ச் நமக்குப் பாதிதான் உதவும் என்று நினைக்கிறேன். அங்கே ஓட்டுகிறவரும் கத்தியில் கை வைக்கிறவரும் ஒரே ஆள். இங்கே ஒருவர் மேலே, ஒருவர் கீழே. சீட்டில் ஆள் இருக்கும்வரை ஸ்விட்ச்சுக்கு எல்லாம் சரியாகவே தெரியும். நமக்குப் பொருந்துகிற வழி வேறு. கத்தியில் கை வைக்கப்போகிறவர் யாரோ, சாவி அவர் பையில் இருக்க வேண்டும்.

செல்ஃப் எடுக்காத வண்டிக்கு இன்னொரு வைத்தியமும் உண்டு. கீழே நின்றுகொண்டு ஸ்பேனரை வைத்து செல்ஃப் மோட்டாரின் இரண்டு முனையையும் தொட வைப்பது. 'படார்' என்று பொறி பறக்கும், இன்ஜின் எடுத்துக்கொள்ளும். ஆனால் கிளட்சை மிதித்தால்தான், கியர் நியூட்ரலில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று கம்பெனிக்காரன் வைத்த ஏற்பாட்டை அந்த ஸ்பேனர் தாண்டிப் போய்விடுகிறது. வண்டி கியரில் இருந்தால் அப்படியே நகரும். ஸ்பேனர் பிடித்தவர் நிற்பது சரியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால். உலகம் முழுக்க டிராக்டர்க்காரர்கள் இப்படிச் செத்திருக்கிறார்கள்.

ஆக, பாட்டரியைப் பராமரிப்பது என்பது கையைப் பராமரிப்பது. பெரிய வித்தை ஒன்றுமில்லை. திறந்து ஊற்றும் வகையாக இருந்தால் மாதம் இரண்டு முறை மூடியைத் திறந்து டிஸ்டில்ட் வாட்டர் அளவைப் பார்க்க வேண்டும். தகடு மூழ்கி இருந்தால் போதும். கிணற்றுத் தண்ணீர் ஊற்றக் கூடாது, எங்கள் பக்கத்து உப்புத் தண்ணீர் என்றால் கேட்கவே வேண்டாம். முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றிச் சுடுதண்ணீர் விட்டுத் தேய்த்து, காய்ந்ததும் இறுக்கமாக மாட்டி மேலே வாசலின் தடவ வேண்டும். கழற்றும்போது முதலில் நெகடிவ், மாட்டும்போது அது கடைசி. பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது, பாட்டரியிலிருந்து வருவது ஹைட்ரஜன். பல சமயம் பாட்டரி நன்றாகவே இருக்கும், எர்த் ஒயர் துருப்பிடித்திருக்கும். அதைச் சுரண்டி மாட்டினாலே செல்ஃப் எடுக்கும். பாட்டரி வாங்கச் சொன்னால் ஏழெட்டாயிரமா என்று வாய் பிளக்கிறவர்கள் இதையாவது செய்யலாம்.

அடுத்தது ஷாஃப்டின் மேல் வரும் பிளாஸ்டிக் உறை. புது வண்டியில் வரும். சங்கிலி போட்டுக் கட்டியிருப்பதால் உள்ளே ஷாஃப்ட் சுற்றினாலும் உறை சுற்றாது. ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள சிலுவைக்குத் தினமும் கிரீஸ் அடிக்க வேண்டும். உறை இருந்தால் கிரீஸ் கன் நுழைய இடைஞ்சல். ஒரு நாள் கழற்றுவார்கள், அப்புறம் அது மாட்டுக் கொட்டகையில் தொங்கும். அநேகமாக எல்லார் வீட்டிலும் இதுதான் கதை. பராமரிப்புக்காகவே பாதுகாப்பைக் கழற்றிவிடுகிறோம்!

இதில் ஒரு வேடிக்கை. இதே ஆட்கள் தோல் கம்பெனியில் வேலை செய்யும்போது இப்படி இருக்க முடியாது. தோலின் உள்பக்கச் சதையைச் சீவும் பிளெஷிங் மிஷினில் ஒரு உருளை, அதில் திருகாணி மாதிரி சுற்றிய கத்தி. (1830-ல் இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் முதல் புல்வெட்டிக்குக் காப்புரிமை வாங்கினார். துணி ஆலையில் துணியின் மேல் நிற்கும் பிசிறை வெட்டும் உருளைக் கத்தியைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை வந்ததாம். ராணிப்பேட்டைக்கு வந்திருந்தால் தோலைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பார்!) அந்த மாதிரி மிஷின்களுக்காக 1948-ம் வருஷத் தொழிற்சாலைகள் சட்டம், சுற்றும் பாகத்துக்கு வேலி போடச் சொன்னது. ஓடும் மிஷினைப் பார்த்துத்தான் ஆக வேண்டுமென்றால் பயிற்சி பெற்ற ஆள், உடம்போடு ஒட்டிய உடுப்பு, அந்த உடுப்பை முதலாளி தர வேண்டும் என்று சொன்னது. கழனி தொழிற்சாலை இல்லையே! கதிரடிக்கும் மிஷினில் கை போவது அதிகமானபோது 1983-ல் ஆபத்தான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்று வந்தது. மற்றபடி லுங்கி, தோளில் துண்டு, எட்டு மணி நேரம் ஷாஃப்ட் பக்கத்தில்.

கவிழ்வதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சேடை ஓட்டும்போது பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை அழுத்தி முன்னால் எடுக்கப் பார்ப்பார்கள். சக்கரம் சுற்ற முடியாதபோது டிராக்டரே அச்சைச் சுற்றிக் கிளம்பும். முன்சக்கரம் தூக்கி, ஒன்றிரண்டு நொடியில் பின்பக்கமாகக் குப்புற விழும். அதனால் புதைந்தால் ரிவர்ஸில்தான் எடுக்க வேண்டும். உயரமான வரப்பையும் பின்பக்கமாக ஏறுவதுதான் நல்லது. ஸ்வீடனில் 1959-லேயே புது டிராக்டருக்கெல்லாம் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம் கட்டாயம் என்று ஆக்கினார்கள். சாவு வெகுவாகக் குறைந்தது. அது 1959! இங்கே அந்த இடத்தில் வெயிலுக்குத் தார்ப்பாய்க் கூரைதான் இருக்கிறது.

எங்கள் பக்கம் கழனிக்கு ஒரு கிணறு, பாதிக்குச் சுற்றுச்சுவர் கிடையாது. பாலாறு வற்ற வற்ற ஆழம் மட்டும் கூடிக்கொண்டே போகிறது. 2025 ஏப்ரலில் மகாராஷ்டிரத்தின் நாந்தேட் மாவட்டத்தில், கழனி வேலைக்குப் பெண்களை ஏற்றிப்போன டிராக்டர் கிணற்றில் விழுந்து ஏழு பேர் இறந்தார்கள். மட்கார்டில் ஆள் ஏற்றாதே என்றால் நம் ஊரில் சிரிப்பார்கள். பேரனை ஏற்றாமல் எந்தத் தாத்தா டிராக்டரை எடுக்கிறார்?

ரோட்டில் போகும்போது இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்துப் பூட்ட வேண்டும். கழனியில் திரும்புவதற்காக அவை தனித்தனியாக இருக்கின்றன. சென்னை – பெங்களூர் ரோட்டில் வேகமாகப் போகும்போது ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமே சுழன்று கவிழும். தூக்கி நிறுத்திய ரோட்டவேட்டருக்கு அடியில் கட்டை வைக்காமல் படுக்கக் கூடாது, ஹைட்ராலிக் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. ஆயில், ஏர் ஃபில்டர், ரேடியேட்டர் எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறது, பெரியப்பாவும் ஒழுங்காகச் செய்கிறார். இன்ஜின் கெட்டால் செலவாகும் என்பது எல்லாருக்கும் தெரியும்.

பொங்கல் லீவில் பாட்டரியைக் கழற்றிக்கொண்டு நானும் பெரியப்பாவும் ஆற்காட்டுக்குப் போனோம். கடைக்காரர் சோதித்துவிட்டு ஒரு செல் செத்துவிட்டது என்றார். பழையதைக் கொடுத்து, மூன்று தவணையில் புதிது வாங்கினோம். இப்போது முதல் தடவையிலேயே எடுக்கிறது. வாடகைக்குப் போகும் இடத்தில் கோரை சுற்றினால் பெரியப்பா நிறுத்திவிட்டுத்தான் இறங்குகிறாராம். பெரியம்மா போனில் சொன்னார்கள், டீசலும் மிச்சமாம். ஷாஃப்ட் உறைதான் பாக்கி. கொட்டகையில் தொங்கியதை எலி கடித்துவிட்டது. அந்த அளவு உறை ஆற்காட்டில் கிடைக்கவில்லை, வேலூரில் ஒரு கடையில் சொல்லி வைத்திருக்கிறோம். அது வரும்வரை பக்கத்தில் யாரும் துண்டு போட்டுக்கொண்டு நிற்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். பெரியப்பா துண்டைத் தலையில் கட்டிக்கொள்கிறார்.