ஐப்பசியில் ஏறும் மீன், பங்குனியில் அழியும் கண்மாய்

வீரசோழன்,
பங்குனி மாதம்.

அன்புள்ள மாப்ளே,

ஆரிகன் கடலோர ஆறுகளில் சால்மன் பிடிக்கிற சட்டதிட்டங்களைப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாய். எந்த ஆற்றில் எந்த மாதம், ஆளுக்கு எத்தனை, பிடித்த கையோடு சீட்டில் பதிய வேண்டும், வாலுக்கு முன்னால் முதுகிலிருக்கும் குட்டித் துடுப்பு வெட்டியிருந்தால் அது பண்ணை மீன், இல்லாவிட்டால் பல இடங்களில் திரும்ப விட்டுவிட வேண்டும். எல்லாம் படித்துவிட்டுத்தான் தண்ணியில்லாக் காடு என்று பேரெடுத்த இந்தப் பக்கம் வந்திருக்கிறேன். சிரிக்காதே. இங்கேயும் மீனுக்குப் பருவம் உண்டு, சட்டம் உண்டு.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி வழியாக பஸ். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம், ஊடே கரிமூட்டப் புகை. கிருதுமால் நதி காய்ந்து கிடக்கிறது. மதுரைக்காரர்கள் அதைச் சாக்கடையாக்கிவிட்டார்கள். விரகனூர் மதகணையில் வைகைத் தண்ணீரைத் திறந்துவிட்டால்தான் இந்தப் பக்கம் அதற்கு நதி என்ற பேர் பொருந்தும்.

மீன் ஏறுகிற காலம் மட்டும் உனக்கும் இந்த ஊர்க்காரர்களுக்கும் ஒன்றுதான். அங்கே இலையுதிர்கால மழைக்குச் சால்மன் ஆற்றுவாயில் காத்திருக்கிறது என்றாய். இங்கே ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் நிறைந்து மறுகால் பாயும்போது, கலுங்குக்குக் கீழே கெண்டையும் கெளுத்தியும் தண்ணீரை எதிர்த்து ஏறுமாம். “அன்னைக்கு வந்திருக்கணும் தம்பி, வெறும் துண்டை விரிச்சே பிடிக்கலாம்” என்றார் டீக்கடையில் ஒரு பெரியவர். விரால், குரவை வேறு ரகம். கோடையில் சேற்றுக்குள் புதைந்து தாக்குப்பிடித்துவிடும்.

கட்லா, ரோகு என்ற கெண்டைகள் இங்கே தானாகப் பெருகாது. ஓடுகிற வெள்ளத்தில்தான் முட்டையிடும், கண்மாயில் இடாது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சவுத்ரி, அலிகுன்ஹி என்ற இரு விஞ்ஞானிகள் பிட்யூட்டரிச் சாற்றை ஊசியில் ஏற்றிப் பெருங்கெண்டைகளைக் குளத்திலேயே முட்டையிட வைத்தார்கள். நம் ஊர்க் கண்மாய்களில் குஞ்சு வாங்கி விடுகிற பழக்கமெல்லாம் அதற்கப்புறம் பெருகியதுதான். காசு போட்டுக் குஞ்சு விட்டால் சும்மா இருப்பார்களா? மீன் பிடிக்கும் உரிமைக்கு மீன்பாசி ஏலம் வந்துவிடுகிறது. கணக்கு பசலி ஆண்டுப்படி, ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. எடுத்தவர் காவல் போடுகிறார். உள்ளூர்ப் பையன் தூண்டிலோடு கரையில் உட்கார்ந்தாலும் வாய்த்தகராறுதான்.

ஏலம் போகாத சின்னக் கண்மாயில்தான் அழிகண்மாய் என்கிற ஊர்கூடி மீன்பிடிப்பு. நேற்று பக்கத்து ஊரில் பார்த்தேன். விடியுமுன்பே கரை நிறையக் கூட்டம். சாமி கும்பிட்டு, ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசும்வரை ஒருவர் கால் நனைக்கவில்லை. வீசியதும் அத்தனை பேரும் உள்ளே. பலர் கையில் ஊத்தா. மூங்கில் பிளாச்சுக் கூடை, மேல்வாய் கை நுழையுமளவு, அடிவாய் அகலம். முழங்கால் தண்ணீரில் அடிக்கு அடி குத்திக்கொண்டே போகிறார்கள். உள்ளே மீன் மாட்டினால் பிளாச்சு அதிரும். உடனே மேலே கையை விட்டுத் துழாவ வேண்டும். என் பக்கத்தில் ஒரு அக்கா அப்படி ஒரு விராலைச் செவுளோடு சேர்த்துத் தூக்கி மடியில் கட்டிக்கொண்டார். அடுத்த குத்தில் கெளுத்தி முள் ஏறி, விரலை வாயில் வைத்துக்கொண்டு வைதார், மீனையா ஊத்தாவையா தெரியவில்லை. வெயில் ஏறுமுன் கண்மாய் வெறும் சேறு. பிடித்ததை விற்கக் கூடாதாம். வீட்டுக்கும் சொந்தபந்தத்துக்கும்தான்.

உன் சட்டத்தோடு ஒப்பிட்டால் இது கொள்ளை மாதிரித் தோன்றும். எனக்கு அப்படிப் படவில்லை. உன் ஆற்றில் இன்று விட்ட மீன் மேலே போய் முட்டையிடும். இங்கே விட்டு வைத்தால் பெரும்பாலும் சித்திரை வெயிலில் கருவாடாகி நாறும். ஆகவே உங்கள் சட்டம் மீனைக் காக்க, இவர்கள் கட்டுப்பாடு மீனைப் பங்கு வைக்க. கடலுக்கு வந்தால் நம்மவர்களும் உங்கள் வழிதான்: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. உள்நாட்டு நீரில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் 1897-லேயே மீன்வளச் சட்டம் தடுத்துவிட்டது. மழை பொய்த்தால்தான் எந்தச் சட்டத்துக்கும் வேலையில்லை. அந்த வருஷம் ஏலமும் கிடையாது, துண்டு வீசுவதும் கிடையாது.

அடுத்த முறை லீவு போட்டால் மாசி, பங்குனிக்குப் போடு. அந்த விலையுயர்ந்த தூண்டிலை அங்கேயே வைத்துவிட்டு வா; ஊத்தா இங்கே இரவல் கிடைக்கும்.

அன்புடன்,
உன் மாப்ளே