பொறுத்துக்கறதும் ஒரு வியாதிதான்

போன சனிக்கிழமை ஏற்காடு போயிருந்தோம் மக்களே. சேலத்துல இருந்து ஏறினா இருபது கொண்டை ஊசி வளைவு. அதை சத்தமா எண்ணிக்கிட்டே வர்றது அம்மாவோட பழக்கம். இந்தத் தடவை எண்ணல. முந்தானையால இடது கன்னத்தை மூடிக்கிட்டு ஜன்னலையே பார்த்துக்கிட்டு வந்தாங்க.

விஷயம் என்னன்னா... தங்கச்சி கல்யாணத்துக்கு ரெண்டு மாசம்தான் இருக்கு. "ஃபோட்டோல என் தாடை தொங்கும் பாரு"ன்னு அம்மா ஒரு நாள் விளையாட்டா சொன்னாங்க. பெங்களூர்ல சம்பாதிக்கிற புள்ளையாச்சே, சும்மா இருப்பேனா? கத்தி வைக்காம தோலை இறுக்குற ரேடியோ அலை சிகிச்சைக்கு நான்தான் பணம் கட்டினேன். முடிச்சு வீட்டுக்கு வந்தப்போ தாடையோரம் ஒரு ரூபா காசு அளவுக்குக் கொப்புளம்.

லேடீஸ் சீட்ல உக்காந்து கீழே சேலத்தைப் பார்த்துக்கிட்டே மெதுவா சொன்னாங்க: "நடுவுல சுரீர்னு சுட்டுச்சு கண்ணு. நீ காசு கட்டியிருக்கியேன்னு பொறுத்துக்கிட்டேன்."

எனக்கு அடிவயித்துல என்னமோ பண்ணுச்சு. நான் விலையையும் தள்ளுபடியையும் மட்டும்தான் தேடிப் பார்த்திருந்தேன். அன்னைக்கு ராத்திரிதான் மத்ததெல்லாம் படிச்சேன்.

மேல்தோலைக் குளிர வெச்சுக்கிட்டு, உள்தோலை மட்டும் சூடாக்குறதுதான் இந்த வித்தை. சூட்டுல கொலாஜன் சுருங்கும், அப்புறம் சில மாசத்துல புதுசா உருவாகும். (ஆக, ரெண்டு மாசத்துல வர்ற கல்யாணத்துக்கு முழுப் பலன் கிடைக்கிறதே சந்தேகம்!) கொஞ்சம் சிவப்பு, லேசான வீக்கம் சகஜம். கொப்புளம் சகஜம் இல்ல.

2002ல தெர்மேஜ் மெஷினுக்கு அமெரிக்க எஃப்.டி.ஏ. அனுமதி கிடைச்ச ஆரம்ப காலத்துல, மரத்துப் போக ஊசி போட்டு, அதிக சக்தியில ஓட்டினாங்களாம். சிலருக்கு உள்ளே கொழுப்பு கரைஞ்சு குழி விழுந்துச்சு. அப்புறம்தான் முறையை மாத்தினாங்க. குறைஞ்ச சக்தி, பல தடவை, நடுநடுவே "எவ்வளவு சுடுது?"ன்னு கேள்வி. அதாவது, நோயாளி சொல்ற "ஆ"தான் அங்கே தெர்மாமீட்டர். அம்மா அதை வாயை மூடி அணைச்சுட்டாங்க. எரர் மெசேஜை மறைச்சுட்டு புரோகிராம் நல்லா ஓடுதுன்னு நம்புற என் கதைதான்.

இதுல ஊசியும் சேர்ந்த வகையால தீக்காயம், தழும்பு, நரம்பு பாதிப்பு வரலாம்னு அதே எஃப்.டி.ஏ. 2025 அக்டோபர்ல எச்சரிச்சிருக்கு.

நம்ம மாநிறத் தோல்ல புண் ஆறினாலும் கறுப்புத் தழும்பு நிக்கும், வெயில் பட்டா இன்னும் கருக்கும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். 1,000 மீட்டர் ஏறினா புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிருதேன்னு ஏமாறக் கூடாது. மறுநாள் பூரா குடை பிடிச்சது அடியேன்தான்.

இறங்கும்போது பாதி வழியில அம்மா, "வயித்தைப் பெரட்டுது கண்ணு, வண்டியை நிறுத்து"ன்னாங்க.

இத்தனை வருஷமா இந்த மலை ஏறி இறங்குறோம். அவங்க நிறுத்தச் சொன்னது இதுதான் முதல் தடவை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, பொட்டி தட்டுறவன். கொப்புளம் வந்தா உடனே தோல் டாக்டரைப் பாருங்க. நடுவுல சுட்டா வாயைத் திறந்து சொல்லுங்க. காசு போனா போகுது.