பத்து நாள் உழவன்

சென்னையில் மூன்றாம் மாடி வீடொன்றில் இருபது ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு, வருங்கால வைப்பு நிதியை எடுத்து இரண்டு ஏக்கர் நிலம் வாங்கி இயற்கை வேளாண்மை செய்ய வேண்டும் என்னும் ஆசை ஒருநாள் எழுந்தது. என் துணைவியார் மறுப்பேதும் கூறவில்லை. "வாங்குவதற்கு முன் பத்து நாள் அப்படி வாழ்ந்து பார்த்துவிட்டு வாருங்கள்" என்று மட்டும் சொன்னார்.

எங்கே போய் வாழ்ந்து பார்ப்பது? பண்ணை விடுதிகள் சில உள்ளன. அவற்றின் ஓர் இரவு வாடகை என்போன்ற மாதச் சம்பளக்காரர்க்குக் கட்டுப்படியாகாது. அன்றியும், அங்கே நாம் விருந்தினர். உழவை வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

உழைப்பையே கட்டணமாகச் செலுத்தும் வழியும் ஒன்றுண்டு. 1971ஆம் ஆண்டு, இலண்டனில் செயலாளராகப் பணியாற்றிய சூ கோப்பர்டு என்னும் பெண்மணி, நகரத்தார்க்கும் வயலுக்கும் உறவு வேண்டுமென விரும்பி, சசெக்சில் உள்ள ஒரு பண்ணையில் வார இறுதி உழைப்பை ஏற்பாடு செய்தார். வேலை செய்பவர்க்கு உணவும் உறைவிடமும். பணப் பேச்சே இல்லை. 'ஊஃப்' என்னும் பெயரில் அவ்வமைப்பு இன்று இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் பரவியுள்ளது. சப்பானில் புகோகாவின் மலைத்தோட்டத்திலும் இளைஞர் பலர் குடிசைகளில் தங்கி உழைத்துக் கற்றனர். நம் பக்கத்தில், 2013இல் மறைந்த நம்மாழ்வார் கரூர் மாவட்டம் கடவூர்ப் பகுதியில் நிறுவிய வானகம் பயிற்சிகளுக்குப் பெயர் பெற்றது.

நான் சென்றது திருத்துறைப்பூண்டிக்கு அருகில், நண்பரின் உறவினர் பண்ணைக்கு. காலை முதல் நண்பகல் வரை வேலை, மூன்று வேளை உணவு, படுக்கத் திண்ணை. எனக்கான செலவு பேருந்துக் கட்டணம் மட்டுமே.

முதல்நாள் களையெடுப்பு. களைக்கொல்லி தெளிக்காத வயலில் கையே கருவி. ஒரு மணி நேரம் குனிந்து, வரப்பில் ஒரு குவியல் சேர்த்து நிமிர்ந்தேன். உடன் களையெடுத்த மூதாட்டி அக்குவியலைப் புரட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். பாதிக்குமேல் நெல்!

"புல்லும் நெல்லும் ஒண்ணாத்தான் தெரியும் தம்பி. இலை தண்டோட சேர்ற எடத்தப் பாருங்க. நெல்லுக்கு நாக்கு மாதிரி ஒரு தோல் இருக்கும். இந்தப் புல்லுக்கு இருக்காது."

எழுத்தைக் கண்ணருகே பிடித்துப் படித்தே பழகிய எனக்கு, அந்தச் சிறு நாக்கைக் காண இரண்டு நாள் ஆயிற்று. நடுவே, பத்துக் கிலோ சாணத்தையும் கோமியத்தையும் வெல்லத்தையும் பயறு மாவையும் இருநூறு லிட்டர் நீரில் கலக்கிச் சீவாமிர்தம் தயாரிக்கவும் கற்றேன். கைகளில் ஏறிய மணத்தைப் பற்றி எழுதாமலிருப்பதே நலம்.

நான்காம் நாள் அம்மூதாட்டி கேட்டார்: "கூலி வாங்காம வேல செய்ய வந்திருக்கீங்களாமே? இன்னும் நாலு பேரு இப்படி வந்தா எங்கள எதுக்குத் தம்பி கூப்பிடுவாங்க?"

விடை சொல்ல வாய் எழவில்லை. அன்றிரவு பண்ணையாரிடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்தார். "நீங்கள் உண்ட சோறு, பிடுங்கிய நெல், உங்களுக்குக் கற்பித்ததில் அந்த அம்மா இழந்த நேரம் (அதற்கும் கூலி நான்தான் தருகிறேன்) எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள், எனக்கு இலாபம் எங்கே? ஒரே சமயத்தில் இருவருக்குமேல் நான் சேர்ப்பதில்லை. நடவுக்கும் அறுவடைக்கும் எவரையும் வரவிடுவதில்லை. அவை கூலியாட்களின் நாட்கள்."

கணக்கு சரியாகவே இருந்தது. ஆயினும் மறுநாள் அந்த அம்மாவின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கக் கூச்சமாயிருந்தது. இலவசம் என்று நான் எண்ணி வந்ததன் விலையை அவர்தாம் பொறுமையாகச் செலுத்திக் கொண்டிருந்தார். புறப்படும்போது அவருக்குப் பணம் கொடுக்க முயன்றேன், வாங்க மறுத்துவிட்டார்.

வைப்பு நிதி இன்னும் அப்படியே இருக்கிறது. நிலம் வாங்கவில்லை. ஆண்டுதோறும் களையெடுக்கும் பருவத்தில் பத்து நாள் விடுப்பெடுத்துச் செல்கிறேன். சென்ற ஐப்பசியில் அந்த அம்மா வழக்கம்போல் என் குவியலைப் புரட்டினார். மூன்று நெற்பயிர் கிடைத்தன. ஒன்றும் பேசாமல் அவற்றை மீண்டும் சேற்றில் ஊன்றிவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார்.