சமையற்கட்டு மேசையின் உயரம்



மேலப்பாளையத்தில் எங்கள் வீட்டுச் சமையற்கட்டின் நடுவே ஒரு மேசை நிற்கிறது. மர்ஹூம் வாப்பா அவர்கள் தறித்தொழிலை விட்ட ஆண்டில் தம் கையாலேயே செய்தது. பிரித்துப் போட்ட தறியின் மரங்கள் கால்களாயின. பழைய கதவுப் பலகை மேற்பரப்பாயிற்று. காய் நறுக்குவதும் மாவு பிசைவதும் ரமழானில் கஞ்சிக்கு அரிசி புடைப்பதும் அதன்மேல்தான்.

சென்ற ஷஅபானில் என் மனைவி, "நோன்பு வருவதற்குள் இதற்குக் கொஞ்சம் பெயின்ட் அடித்தால் என்னங்க?" என்று கேட்டாள். புதிது வாங்கிவிடலாம் என்றே முதலில் நினைத்தேன். உறுதியான கால்களை உடைய ஒரு பொருளைத் தெருவில் போட மனம் ஒப்பவில்லை. வீண்விரயத்தைப் பற்றி மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவன் அல்லவா?

வேலை நான் எண்ணியதைப் போல் எளிதாக இல்லை. பல ஆண்டு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும்வரை எந்தப் பெயின்டும் மரத்தில் ஒட்டாது. வாஷிங் சோடா கரைத்த வெந்நீரால் இருமுறை கழுவிக் காயவைத்தேன். உப்புத்தாளை எடுத்தபோது பெயின்ட் கடைக்காரர் சொன்னது நினைவுக்கு வந்தது. பழைய பெயின்டுகளில் ஈயம் இருக்கக்கூடும்; அதன் தூசி குழந்தைகளுக்குக் கேடு. ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. எங்கள் மேசையின் பெயின்டோ அதற்கு மிக முந்தியது. ஆகவே பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டு, மேசையைக் கொல்லைக்குக் கொண்டுபோய், முகத்தில் துணி கட்டி, நனைத்தே தேய்த்தேன்.

தேய்ப்பதற்காக மேசையைக் கவிழ்த்தபோதுதான் அதைக் கண்டேன். நான்கு கால்களின் அடியிலும், அறுத்த விளிம்பை ஒட்டிப் பென்சில் கோடு. நீளமாக இருந்த மரத்தை வாப்பா வேண்டுமென்றே குறைத்திருக்கிறார்கள். உம்மாவிடம் கேட்டேன்.

"என்னை நிக்க வச்சு, முழங்கையை மடக்கச் சொல்லி, நூல் பிடிச்சு அளந்தாக வாப்பா. நான் குட்டைதானே!" என்று உம்மா சிரித்தார்கள்.

நான் சிரிக்கவில்லை. அளவுநாடாவை எடுத்து வந்தேன். மேசையின் உயரம் 29 அங்குலம். என் மனைவி உம்மாவைவிட ஏறத்தாழ அரை அடி உயரம். முழங்கைக்கு நான்கைந்து அங்குலம் கீழே பலகை இருந்தால் முதுகு வளையாது; அவளுக்கு அது 34 அங்குலமாவது இருக்கவேண்டும். பதினேழு ஆண்டுகளாக அவள் குனிந்தே நின்றிருக்கிறாள். இரவில் அவள் இடுப்பில் தைலம் தேய்ப்பதை வயதின் குறை என்று எண்ணியிருந்தேன்.

"ஏன் சொல்லவில்லை?" என்றேன்.

"மாமா செய்த மேசையாயிற்றே" என்றாள்.

அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்களிடம் கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று அவர்கள் விடையளித்த செய்தி புகாரியில் உள்ளது. அதை எத்தனை ஆண்டுகள் நடத்தியிருப்பேன்! அந்த மேசையருகே நின்று ஒரு வெங்காயமும் நறுக்கியவனல்லன் நான்.

தச்சரை அழைத்து ஐந்து அங்குலக் கட்டைகளைக் கால்களின் அடியில் இணைக்கச் சொன்னேன். அப்போது வேறொரு கவலை எழுந்தது. உம்மா இன்றும் காலையில் அங்கே நின்று கீரை ஆய்வார்கள். "என் காலம் ஆச்சு வாப்பா, அவளுக்கு ஏத்தமா உயர்த்து" என்றார்கள். சொன்ன குரலில் சிறு வருத்தம் இருந்தது. இருவரில் ஒருவரின் உரிமையைக் கொடுத்து மற்றவரின் உரிமையைக் குறைக்க மனமில்லை. பக்கவாட்டில், பழைய உயரத்திலேயே, மடக்கி வைக்கும் பலகை ஒன்றைத் தச்சர் பொருத்தினார். முதல் நாள் அது கழன்று கீரையெல்லாம் தரையில் விழுந்தது. பிறகு கீலை மாற்றினோம்.

பெயின்ட் பூசுவதிலும் தவறினேன். பிரைமர் காய்ந்தபின் முதல் பூச்சு நன்றாகவே அமைந்தது. அது முழுதும் உலருமுன் அவசரப்பட்டு இரண்டாவதைப் பூசினேன். இரு கால்களில் தோல் சுருங்கினாற்போல் ஆகிவிட்டது. சுரண்டி மீண்டும் பூசவேண்டியதாயிற்று. மேற்பலகைக்கு எதுவும் பூசவில்லை. உணவு படும் இடத்துக்கு எனாமல் ஆகாது. உப்பும் எலுமிச்சையும் இட்டுத் தேய்த்ததோடு சரி. நிறம் மனைவி தேர்ந்தது: இளம்பச்சை.

ஒன்றைச் சொல்ல மறந்தேன். நகத்திலும் முழங்கையிலும் படியும் எண்ணெய்ப் பெயின்ட், தண்ணீர் தோலைத் தொடாமல் தடுக்கும். அதை அகற்றாமல் உளூ நிறைவேறாது. மஃரிபுக்குப் பாங்கு ஒலித்தபின் தின்னரால் தேய்க்கத் தொடங்கி ஜமாஅத்தைத் தவறவிட்டேன். இவ்வேலையில் இறங்குவோர் கையுறை அணிந்துகொள்ளுங்கள்.

ரமழான் முதல் நாள் அஸருக்குப்பின் வெங்காயம் நறுக்க நானும் போய் நின்றேன். எனக்கும் அந்த உயரம் பொருந்துகிறது. மனைவி நிமிர்ந்து நின்று மாவு பிசைந்தாள். உம்மா தம் பலகையில் மல்லித்தழை ஆய்ந்தார்கள். அடுப்பு மேடையும் தாழ்வாகத்தான் தெரிகிறது. அது சிமென்ட்டும் கல்லும். கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.