கொண்டல் காலத்துப் புதுச்சேரி

புதுச்சேரிக்காரர்களுக்கு ஜூன் மாத மழை என்பது செய்தித்தாளில் படிக்கிற சங்கதி. கேரளத்தில் பருவமழை தொடங்கிவிட்டது என்று வானொலி சொல்லும் நாளில் இங்கே அனல் பறக்கும். பெரிய வாய்க்காலின் நாற்றம் மிஷன் வீதி வரைக்கும் வரும். நமக்கு மழை ஐப்பசியில்தான். ஆண்டுக்குச் சுமார் 1,300 மில்லிமீட்டர் பெய்கிற ஊரில், பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டித் தீர்த்துவிடும்.

முத்தியால்பேட்டையில் நாங்கள் இருந்தது முற்றம் வைத்த ஓட்டு வீடு. நாலு பக்கத்துச் சரிவிலும் இறங்குகிற தண்ணீர் மூலைத் தகரத்தில் கூடி, அருவியாய் விழும். அடியில் பித்தளை அண்டா. முதல் மழைக்கு அண்டாவை வைக்கப் பாட்டி விடமாட்டாள். "ஓட்டுல இருக்கிற காக்கா எச்சம், சருகு எல்லாம் போவட்டும்டா. அடுத்த மழை புடிச்சிக்கலாம்" என்பாள். அடுத்த மழையில் அண்டா, குடம், குண்டான் எல்லாம் நிரம்பும். பருப்பு அந்தத் தண்ணீரில் பூவாய் வேகும். பத்து நாள் போனால் மழைத் தண்ணீரை ஏறெடுத்துப் பார்க்க ஆளிருக்காது. துண்டு காயாது, தீக்குச்சி பற்றாது, அப்பளம் நமத்துப் போகும். பள்ளிக்கூடம் உண்டா இல்லையா என்பதே வீட்டின் முக்கியப் பேச்சு.

1997இல் அப்படியொரு மழைக்காலம். அந்த ஆண்டு பசிபிக் கடல் கொதிக்கிறது, எல் நினோ வந்துவிட்டது, இந்தியாவில் மழை பொய்க்கும் என்று பத்திரிகைகள் மாதக்கணக்கில் பயமுறுத்திக்கொண்டிருந்தன. எதிர்வீட்டு சொல்தா தாத்தா பிரெஞ்சுப் படையில் சைகோன் வரை போய் வந்தவர். பென்ஷன் பிரான்சிலிருந்து வரும். அப்பா திண்ணையில் உட்கார்ந்து செய்தியை வாசித்துக் காட்டினால், "எந்த இந்தியாவுலப்பா? இங்க கொண்டல் அடிக்கிறது தெரியலியா?" என்று சிரிப்பார். 1954 வரை பிரெஞ்சுக் கொடியின் கீழ் இருந்த ஊர்க்காரர் கேட்கக்கூடிய கேள்விதான். வானிலையைப் பொறுத்தவரை அது சரியான கேள்வியும்கூட.

பசிபிக்கின் வெதுவெதுப்பான நீர் வழக்கமாக இந்தோனேசியாப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கும். சில ஆண்டுகளில் கிழக்கிலிருந்து வீசும் காற்று தளர, அந்தச் சூடு பெரு நாட்டுக் கரை வரை பரவும். அதுதான் எல் நினோ. மேகம் எழும்புகிற இடமும் கூடவே நகர்ந்துவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை அது நாட்டின் பெரும்பகுதிக்குக் கேடு. ஐப்பசி பிறந்தால் நம் கரையில் கணக்கு மாறிவிடுகிறது: வங்கக்கடல் மேல் கிழக்குக் காற்று, அதாவது கொண்டல், வலுத்து, ஈரத்தைச் சுமந்து வந்து இங்கே இறக்கும். நாடே சபிக்கிற எல் நினோ, பெரும்பாலும் நமக்கு மழை தருகிறது.

இந்த முடிச்சின் ஒரு நுனியைப் பிடித்தவர் கில்பர்ட் வாக்கர். 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராக இருந்த அவர் கணிதக்காரர். தொலைதூர ஊர்களின் காற்றழுத்தப் பதிவுகளை வைத்துக் கணக்குப் போட்டு, பசிபிக்கில் அழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடலில் இறங்கும் என்று கண்டார். நம் பக்கத்துக் கடலின் ஊசலாட்டம் பிடிபட 1999 ஆயிற்று. ஆப்பிரிக்கக் கரையோரம் சூடாகி, சுமத்ராவை ஒட்டிக் குளிர்கிற அந்த இருமுனை நிலையை விளக்கியவர்களில் சாஜி, கோஸ்வாமி, விநயச்சந்திரன் ஆகிய இந்தியர்களும் உண்டு. 1997இல் எல் நினோவும் இதுவும் கைகோத்திருந்தன. பாட்டியின் அண்டா நிரம்பி வழிந்தது ஏன் என்று எனக்கு விளங்கியது அதைப் படித்தபோதுதான்.

2015இலும் பெரிய எல் நினோ. நவம்பர் 9 அன்று ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் புதுச்சேரி அருகே கரையேறியது. நெய்வேலியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர். அடுத்த ஆண்டு பசிபிக் குளிர்ந்தது, இருமுனையும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 விழுக்காடு குறைந்தது. கார்த்திகையில் முற்றம் காய்ந்து கிடந்ததை நான் பார்த்தது அந்த ஆண்டில்தான்.

குளிர்ந்த பசிபிக், அதாவது லா நினா, நம்மைச் சும்மா விடும் என்று எண்ண வேண்டாம். மழை குறைந்தாலும் புயலுக்குக் குறைவில்லை. பாரதி இந்த ஊரில் இருந்தபோது, 1916 நவம்பரில், ஒரு புதன்கிழமை இரவு அடித்த புயலை அவரே பாடி வைத்திருக்கிறார். அது லா நினா ஆண்டு. 2011 டிசம்பர் 30 அதிகாலை ‘தானே’ புயல் வந்ததும் லா நினாவில். தாவரவியல் பூங்காவில் முறிந்து கிடந்த மரங்களை எண்ணிக்கொண்டு போனவன் பாதியில் விட்டுவிட்டேன்.

இதற்கும் மேலே இன்னொரு நீண்ட ஆட்டம் உண்டு. வட பசிபிக் இருபது, முப்பது ஆண்டுகள் ஒரு போக்கில் இருந்துவிட்டுத் திரும்பும். 1970களின் பிற்பகுதியில் அது திரும்பிய பிறகுதான் எல் நினோவுக்கும் நம் ஐப்பசி மழைக்கும் நெருக்கம் கூடியது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டியின் சிறுவயது மழைக் கணக்கும் என்னுடையதும் பொருந்தாமல் போனதில் இதற்கும் பங்கிருக்கும்.

இப்போது கடலே சூடேறிவிட்டது. 1951 முதல் 2015 வரை வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறியிருக்கிறது. சூடான கடலுக்கு மேலே காற்று அதிக ஈரம் தாங்கும். 2021இல் லா நினா. ஆனாலும் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 59 விழுக்காடு கூடுதல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இங்கேயே கரையேறி, நகராமல் நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 சென்டிமீட்டருக்கும் மேல். கிருஷ்ணா நகரில் மக்களை மீட்க ராணுவம் வந்தது. அந்த ஆண்டின் இறுதியில் எல் நினோ இல்லை.

இந்த வருஷம் எல் நினோவா, லா நினாவா என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. தெரிந்ததைச் சொல்கிறேன். ஆனால் உப்பாறு வாய்க்காலும் பெரிய வாய்க்காலும் ஆவணிக்குள் தூர்வாரியிருக்க வேண்டும், பசிபிக் எப்படி இருந்தாலும்.