கணக்கர் மெர்க்லேயின் பதிவேடு

குற்றவியல் வழக்குகள் நடத்தும் எனக்கு, நான் ஆஜராகாத ஒரு வழக்குதான் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. 1945 அக்டோபரில் ஜெர்மனியின் வீஸ்பாடனில், அமெரிக்க ராணுவ ஆணையத்தின் முன் நடந்த ஹாடமார் மனநல மருத்துவமனை வழக்கு. அரசுத் தரப்பில் வாதாடியவர் லியோன் ஜாவோர்ஸ்கி. பின்னாளில் வாட்டர்கேட் விவகாரத்தில் சிறப்பு வழக்கறிஞராக இருந்தவர்.

1941 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை அந்த மருத்துவமனையின் நிலவறையில் நச்சுவாயு அறை இயங்கியது. மனநோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளுமாக 10,000 பேருக்கு மேல் அதில் மாண்டார்கள். 1942 முதல் ஊசி, மாத்திரை, பட்டினி. காலைதோறும் மருத்துவர் வால்மானும் தலைமைத் தாதியும் கூடி, யார் சாகவேண்டும் என்று முடிவெடுத்தார்கள். மேலும் 4,000 பேருக்கு மேல் போனார்கள்.

குற்றச்சாட்டில், இப்படிக் கொல்லப்பட்ட ஜெர்மன் நோயாளிகளில் ஒருவர்கூட இல்லை! ஜெர்மன் அரசு தன் குடிமக்களையே கொன்றதை விசாரிக்க அந்த ஆணையத்துக்கு அதிகார வரம்பு கிடையாது. காசநோயாளிகள் என்று 1944 ஜூலை முதல் அங்கே கொண்டுவரப்பட்டு, மருந்து என்று நம்பவைத்து மார்பின் ஊசி போட்டுக் கொல்லப்பட்ட போலந்து, சோவியத் கட்டாயத் தொழிலாளர்கள் 400-க்கு மேற்பட்டோருக்காக மட்டுமே வழக்கு நடந்தது. கைக்கு எட்டிய சட்டத்தை ஜாவோர்ஸ்கி பிடித்துக்கொண்டார். அது சரி என்றே நினைக்கிறேன்.

எதிரிகள் ஏழு பேர். அவர்களில் அடோல்ஃப் மெர்க்லே கணக்கர்; ஊசியைத் தொட்டவரல்ல. வந்தவர்களைப் பதிவதும், இறந்த தேதியையும் காரணத்தையும் எழுதுவதும் அவர் வேலை. வந்த சில மணி நேரத்தில் செத்தவருக்கும் காசநோய், நிமோனியா என்று எழுதினார், தேதிகளையும் மாற்றினார். எந்த நாட்டு நீதிமன்றத்திலும் இறப்புப் பதிவேட்டை அசைப்பது லேசான காரியமல்ல. பணியின் போக்கில் எழுதியது, ஆகவே உண்மை என்றே அனுமானிப்பார்கள். அந்த அனுமானத்தைத்தான் மெர்க்லே கொலையாளிகளுக்குக் காப்பாகக் கொடுத்தார்.

மேலிடத்து உத்தரவு, ஜெர்மன் சட்டம் அனுமதித்தது என்றெல்லாம் எதிர்த்தரப்பு வாதிட்டது. அப்படியொரு சட்டம் இயற்றப்படவே இல்லை. 1939 செப்டம்பர் 1 என்று தேதியிட்டு ஹிட்லர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றுதான் இருந்தது. ஆணையம் வாதத்தை ஏற்கவில்லை. நிர்வாகி க்ளைனுக்கும் ஆண் தாதியர் இருவருக்கும் தூக்கு, வால்மானுக்கு ஆயுள். மெர்க்லேக்கு 35 ஆண்டு. எனக்கு அது கூடுதலாகப் படவில்லை.

ஜெர்மன் நோயாளிகளின் கொலைகளுக்கு 1947-ல் ஃபிராங்க்ஃபர்ட்டில், ஜெர்மன் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தது. வால்மானுக்கு மரண தண்டனை விதித்தார்கள். பிறகு அதைக் குறைத்தார்கள். 1950-களில் அவர் விடுதலையானார். அதை மட்டும் என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.