கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே: படச்சட்டப் பட்டறைகளில் ஒரு கள ஆய்வு

தஞ்சாவூரிலும் காரைக்குடியிலும் சென்னைப் பாரிமுனையிலும் இயங்கும் படச்சட்டப் பட்டறைகளை அருகிலிருந்து கவனிக்கும்போது, இத்தொழிலின் தரம் வாடிக்கையாளர் தடவிப் பார்த்து மகிழும் முகப்பில் அமைவதில்லை என்பதும், சுவரை நோக்கித் திரும்பியிருக்கும் முதுகுப்புறத்திலும் கண்ணாடிக்குப் பின்னாலுள்ள சில மில்லிமீட்டர் வெளியிலுமே அது முடிவாகிறது என்பதும் விரைவில் விளங்கிவிடுகின்றன. கடைமொழியில் 'பிரேம் போடுதல்' என்று எளிதாகச் சொல்லப்படும் இவ்வேலை, பார்ப்பதற்கு நான்கு மரத்துண்டுகளையும் ஒரு கண்ணாடியையும் ஓர் அட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் வேலையாகவே தோன்றினாலும், எங்கே இடம் விட வேண்டும், எங்கே இம்மியளவும் விடக்கூடாது என்ற அறிவுதான் தேர்ந்த கைவினைஞரையும் வெறுமனே ஆணி அடிப்பவரையும் பிரித்துக் காட்டுகிறது.

இம்மியும் இடம் விடக்கூடாத இடம் மூலை. 'பீடிங்' எனப்படும், வடிவு இழைக்கப்பட்ட நீண்ட சட்டமரத்தை 45 டிகிரி சாய்வில் அறுத்து, இரு துண்டுகளைப் பொருத்திச் செங்கோணம் பெறுவதே இங்கு நடப்பது. சாய்வு பிசகாமல் அறுக்க மரத்தாலான 'மைட்டர்' பெட்டியோ, இயந்திர ரம்பமோ, இரட்டைக் கத்தி கொண்ட மிதிவெட்டுக் கருவியோ பயன்படுகிறது. ஒரு சட்டத்துக்கு எட்டு வெட்டுகள் என்பதால், ரம்பம் அரை டிகிரி மட்டுமே தவறியிருந்தாலும் எட்டுத் தவறுகளும் கூடிக் கடைசி மூலையில் 4 டிகிரித் திறப்பாக வந்து நிற்கின்றன. இரண்டு அங்குல அகலமுள்ள மரத்தில் அது ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் பிளவு. கோணத்தைவிடவும் அடிக்கடி பிழைப்பது நீளம். எதிரெதிர்ச் சட்டங்கள் இரண்டும் மயிரிழையும் மாறாமல் சமமாக இல்லையென்றால், கோணம் எவ்வளவு சரியாக இருந்தாலும் மூலை மூடாது. தஞ்சாவூர்ப் பட்டறை ஒன்றில் மூத்த தொழிலாளி ஒருவர் அறுத்த இரு துண்டுகளை முதுகோடு முதுகாக நிறுத்தி, முனைகளின் மேல் கட்டைவிரல் நகத்தைக் குறுக்கே ஓட்டினார். நகம் தடுக்கியதும் அளவுகோலைத் தேடாமல் நீண்ட துண்டை மறுபடியும் ரம்பத்துக்கு அனுப்பினார். உடன் வேலை செய்த இளைஞர், "அண்ணே, இம்புட்டுத்தானே, மக்கு வச்சு அடைச்சிரலாமா?" என்று கேட்டதற்கு, "அடைக்கலாம்பா. பங்குனி வெயில்ல மக்கு தனியா வந்து நிக்கும், அப்ப யாரு பதில் சொல்றது?" என்பதே மறுமொழியாக வந்தது.

அந்த மறுமொழிக்குப் பின்னால் மரத்தின் இயல்பு பற்றிய திருத்தமான அறிவு உண்டு. மரம் நீளவாக்கில் பெரும்பாலும் மாறுவதில்லை. அகலவாக்கில் ஈரம் ஏறும்போது விரிகிறது, காயும்போது சுருங்குகிறது. எனவே பச்சை மரத்தில் செய்த சட்டம் காய்ந்தபின் மூலையின் உட்பக்கம், அதாவது படத்தை ஒட்டிய முனையில், வாய் பிளக்கிறது. மாறாக, மிகக் காய்ந்த மரம் கடற்கரை ஊரின் ஈரத்தை வாங்கும்போது வெளிமுனை திறந்துகொள்கிறது. பழுதுபார்க்க வரும் பழைய சட்டத்தின் மூலையைப் பார்த்தே அது பிறந்த கதையைச் சொல்லிவிடக்கூடிய தொழிலாளர்கள் இருப்பதற்கு இதுவே காரணம். தேக்குக்கு இன்னொரு குணமும் உண்டு. அதில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை இருப்பதால் வெள்ளைப் பசை சரியாகப் பிடிப்பதில்லை. அறுத்த முகத்தைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, அது ஆவியானவுடன் காலம் தாழ்த்தாமல் ஒட்டி, பசை உலரும்வரை கயிற்றாலோ கிளாம்பாலோ இறுக்கி வைப்பது நல்ல வழக்கம். ஆணி என்பது பசை காயும்வரை துண்டுகளைப் பிடித்திருக்கும் துணை மட்டுமே. ஆணியை நம்பிப் பசையைக் குறைக்கும் பட்டறைகளின் சட்டங்கள் இரண்டு கோடைகளைத் தாண்டுவதில்லை.

மூலையில் மறுக்கப்படும் இடைவெளி காடியில் கட்டாயமாகிறது. காடி என்பது சட்டத்தின் உள்விளிம்பில் கண்ணாடியும் படமும் அமர்வதற்கென இழைக்கப்பட்ட படி. கண்ணாடியைக் காடியின் அளவுக்கே வெட்டி அழுத்திப் பொருத்தினால், மரம் சுருங்கும் முதல் பருவத்திலேயே கண்ணாடி விரிசல் காணும் அல்லது மூலை பிரியும். ஆகவே நீளத்திலும் அகலத்திலும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் குறைத்து வெட்டுவது விதி. வெட்டும்போது சக்கரக் கத்தியை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே ஓட்டமாக ஒரு கீறல் இட வேண்டும். கீறிய தடத்தின் மேல் மறுபடியும் ஓட்டினால் கத்தியும் கெடும், கண்ணாடியும் தாறுமாறாக உடையும். எடையையும் முன்கூட்டியே கணக்கிட வேண்டும். 3 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்கு 7.5 கிலோ எடை கொண்டது என்பதால், இரண்டடிக்கு மூன்றடி அளவுள்ள படத்தில் கண்ணாடி மட்டுமே நான்கு கிலோவுக்கு மேல் வந்துவிடுகிறது; மெலிந்த பீடிங்கைத் தேர்ந்தெடுத்த வாடிக்கையாளரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுவது இருவருக்கும் நல்லது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளுக்கு வரும் சட்டங்களில் காணப்படும் மெல்லிய அலையோடிய கண்ணாடிகளைப் பற்றியும் இங்கே ஒரு சொல் சொல்ல வேண்டும். உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் மிதவைமுறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல் அறிவித்தது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் ஆலை அம்முறையில் உற்பத்தியைத் தொடங்கியது 2000இல். அதற்கு முந்தைய அலைக் கண்ணாடி இப்போது எளிதில் கிடைப்பதில்லை. கீறல் இருக்கிறதென்று அதைத் தூக்கி எறியும் புதுப்பிப்பு வேலை, பழையதன் பாதியை எறிந்துவிடுவதாகவே கருதத்தக்கது.

கண்ணாடிக்கும் படத்துக்கும் இடையிலுள்ள வெளிதான் இத்தொழிலில் மிகுதியாக அலட்சியப்படுத்தப்படுவது. விளைவுகளும் அங்கேதான் மிகக் கொடியவை. 2007-08இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் ஓவியம், பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் குழைத்த மக்கால் உருவங்களைப் புடைப்பாக எழுப்பி, கற்கள் பதித்துத் தங்க ரேக்கு ஒட்டி ஆக்கப்படுவது. புடைத்து நிற்கும் கல்லின் தலை கண்ணாடியில் முட்டுமானால், போக்குவரத்தின் ஒவ்வொரு குலுக்கலிலும் ரேக்கு தேய்ந்து கழலும். ஆகவே அவ்வூர்த் தொழிலாளர்கள் காடிக்குள் கண்ணாடியை வைத்தபின் நான்கு பக்கமும் மெல்லிய ரீப்பர்க் கட்டைகளை ஓட்டி, அதன்மேல் பலகைப்படத்தை அமர்த்துகிறார்கள். மிக உயர்ந்த கல்லுக்கும் கண்ணாடிக்கும் இடையே கால் அங்குலமாவது எஞ்சுமாறு கட்டையின் கனம் தேர்ந்தெடுக்கப்படுகிறது. 'செட்டிநாடு பிரேம்' என விற்கப்படும் அகன்ற தேக்குச் சட்டம் இவ்வோவியங்களுக்குப் பொருந்துவதற்கு அதன் தோற்றம் மட்டும் காரணமன்று, கண்ணாடி, கட்டை, பலகை மூன்றையும் விழுங்கும் ஆழம் அதன் காடிக்கு இருப்பதும் காரணமாகும். 1894இல் பம்பாயில் தொடங்கப்பட்ட ரவிவர்மா அச்சகத்தின் படங்களில் சரிகையும் ஜிகினாவும் ஒட்டி அலங்கரிக்கப்பட்டவற்றுக்கும் இதே நடைமுறை தேவைப்படுகிறது.

புகைப்படங்களின் நிலை இதைவிட மோசம். கறுப்பு வெள்ளைக் காலத்துப் புகைப்படத் தாளின் மேற்பரப்பு ஜெலட்டின் என்னும் விலங்குப் புரதப் பூச்சு. அது ஈரத்தில் இளகும், உலரும்போது தொட்டுக்கொண்டிருக்கும் பரப்போடு இறுகும். தாத்தா பாட்டியின் திருமணப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, ஒட்டிய இடம் ஈரம் படிந்ததுபோல் மினுங்கும் காட்சி தமிழ்நாட்டில் காணாத வீடு அரிது. சட்டத்தை மாற்றித் தரச்சொல்லி அத்தகைய படம் வந்தால் அதை உரிக்க முயலவே கூடாது என்பது அனுபவமுள்ளவர்களின் ஒருமித்த கருத்து. முகம் தாளிலிருந்து கழன்று கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே முன்பக்கமிருந்து பிரதி எடுத்து, பிரதிக்குப் புதுச் சட்டம் போட்டு, மூலத்தைக் கண்ணாடியுடன் அப்படியே பத்திரப்படுத்தித் திருப்பித் தருவதே நேர்மையான வேலை. புதிதாகப் போடும்போது 'மவுண்ட்' எனப்படும், நடுவில் சாளரம் வெட்டிய கனத்த அட்டையைப் படத்தின்மேல் வைத்தால் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு விலக்கம் கிடைத்துவிடுகிறது. மவுண்டை வெறும் அழகுக்கான கூடுதல் செலவாக வாடிக்கையாளர் நினைப்பதற்குக் கடைக்காரர்களே பெரிதும் பொறுப்பு. நிறம் காட்டி விற்கிறார்களே தவிர, காரணம் சொல்லி விற்பவர் குறைவு.

அட்டையின் தரமும் அவ்வாறே. மலிவான மரக்கூழ் அட்டையில் லிக்னின் என்னும் பொருள் எஞ்சியிருக்கிறது. அது நாளடைவில் அமிலமாகி, சாளரத்தின் விளிம்பை ஒட்டிப் படத்தில் பழுப்புக் கோடு ஒன்றை எரித்துவிடுகிறது. காரைக்குடியில் பிரித்துப் பார்க்கப்பட்ட பழைய சட்டங்களில் முதுகுக்குப் பெட்டிப் பலகைகளும், தூசியைத் தடுக்கச் செய்தித்தாளும் வைக்கப்பட்டிருந்தன. பலகைகளுக்கு இடையிலிருந்த சந்துகள் படத்தின் முகத்தில் வரிவரியாகவும், பலகையின் கணுக்கள் வட்டக் கறைகளாகவும் பதிந்திருந்தன. செய்தித்தாளின் தேதி சட்டத்தின் வயதை அறிய உதவுகிறது என்பது உண்மைதான், ஆனால் அந்த உதவிக்குப் படம் கொடுத்த விலை அதிகம். பருத்தி நார் அட்டையோ அமிலமற்ற அட்டையோ வாங்க இயலாதபோது, ஹார்ட்போர்டுக்கும் படத்துக்கும் நடுவே பாலியெஸ்டர் தாள் ஒன்றையாவது இடுவது ஓரளவு காக்கும்.

ஒட்டுதலில் பொதுவிதி ஒன்றே: ஒட்டியதைக் கழற்ற முடிய வேண்டும். படம் முழுவதையும் வெள்ளைப் பசையால் அட்டையில் ஒட்டிவிட்டால் தாள் விரியவும் சுருங்கவும் இடமின்றி அலையோடும். பிறகு எவராலும் அதை மீட்க முடியாது. மேல்விளிம்பில் மட்டும் இரண்டு சிறு காகிதக் கீல்களை மாவுப் பசையால் ஒட்டிப் படத்தைத் தொங்கவிடுவதே சரியான முறை. பூச்சி அண்டாமலிருக்கப் புத்தகம் கட்டுவோர் பசையில் மயில்துத்தம் கலப்பதுண்டு. படத்துக்கு அது ஆகாது, அதிலுள்ள தாமிரம் காகிதத்தின் நாரையே அரித்துவிடும். மாவுக்கு வரும் இராமபாணப் பூச்சியைத் தடுக்க, பசையின் அளவைக் குறைத்து, முதுகுப்புறத்தின் சந்துகளைத் தாளால் முழுமையாக மூடுவது போதும்.

தமிழ்நாட்டுச் சட்டத்துக்கு அயல்நாட்டுக் கையேடுகள் சொல்லாத ஒரு சோதனை இருக்கிறது. அது பூசை அறை. சாமிப் படத்தின் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் இடப்படுகின்றன, வெள்ளிதோறும் ஈரத்துணியால் துடைக்கப்படுகின்றன, ஈரம் சொட்டும் பூச்சரம் சட்டத்தின் மேல் சாத்தப்படுகிறது, கற்பூரக் கரி மெல்லிய சந்துகளில் நுழைகிறது. துடைக்கும் நீர் கண்ணாடியின் வழியே இறங்கிக் கீழ்க்காடியில் தேங்கி, அங்கிருந்து தாளுக்குள் ஊறி ஏறுவதால்தான் இப்படங்கள் எப்போதும் அடியிலிருந்து கெடுகின்றன. இதற்குத் தீர்வு, கண்ணாடி, மவுண்ட், படம், முதுகட்டை ஆகியவற்றைச் சட்டத்தில் வைக்குமுன்பே விளிம்பைச் சுற்றி நாடா ஒட்டி ஒரே கட்டாக மூடிவிடுவது; நாடா கண்ணாடியின் முகத்தில் காடி மறைக்கும் அளவுக்குள் அடங்க வேண்டும். பூச்சரத்துக்கான கொக்கியைச் சட்டத்தில் அடிக்காமல் சுவரில் அடிக்கச் சொல்லி, உடன் இரண்டு கொக்கிகளையும் கொடுத்தனுப்பும் கடைகள் உள்ளன. அக்கடைகளுக்குப் பழுதுவேலை குறைவாக வருகிறது என்பதில் வியப்பில்லை.

மாட்டும் முறையில் கம்பியின் சாய்வு முக்கியம். இரு வளையங்களுக்கு இடையே கம்பியை விறைப்பாகக் கட்டினால் ஒழுங்காகத் தோன்றும், ஆனால் இழுவை பெருகிவிடும்: கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்திருந்தால் அதன் ஒவ்வொரு பாதியும் படத்தின் எடைக்குச் சமமான இழுவையைத் தாங்குகிறது, 10 டிகிரியானால் ஏறக்குறைய மூன்று மடங்கை. சற்றுத் தொய்வாகக் கட்டி, வளையங்களை மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பொருத்த வேண்டும். பழைய வீடுகளில் படங்களை உயரத்தில், தலைப்பக்கம் முன்சாய்ந்து நிற்க மாட்டும் பழக்கத்தால் கண்ணாடியின் பளபளப்பு குறைந்ததோடு முதுகில் காற்றும் ஓடியது. இன்றைய நேர்மாட்டலில் அந்தக் காற்றுக்காகக் கீழ்மூலைகளில் இரண்டு இரப்பர்ப் பொட்டுகளை ஒட்டுவது சில ரூபாய்ச் செலவு. மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவருக்கு அது இன்றியமையாதது.

கூலி விஷயத்தில் தொழில் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கிறது. பீடிங் அடிக்கணக்கில் விலைபேசப்படுவதால், பலர் படத்தின் சுற்றளவை மட்டும் கணக்கிடுகிறார்கள். சாய்வு வெட்டுக்காக மர அகலத்தின் எட்டு மடங்கைக் கூட்ட வேண்டும் என்பது விட்டுப்போகிறது. 12க்கு 15 அங்குலப் படத்துக்குச் சுற்றளவு 54 அங்குலம் என்றாலும், இரண்டு அங்குல பீடிங்கில் அதற்கு 70 அங்குல மரம், கிட்டத்தட்ட ஆறடி, ரம்பச் சேதம் நீங்கலாகவே செலவாகிறது. கண்ணுக்குத் தெரியாத முதுகு வேலையோ எந்த அடிக்கணக்கிலும் வருவதில்லை, ஆகவே பேரம் தொடங்கியதும் முதலில் வெட்டுப்படுவதும் அதுவே. இதற்கு மாற்றாகச் சில பட்டறைகள் இரண்டு வகை முதுகுகளுக்குத் தனித்தனி விலை எழுதி, காலண்டர்ப் படத்துக்கு மலிவானதையும், வீட்டில் வேறு பிரதியே இல்லாத ஒற்றைப் புகைப்படத்துக்கு அமிலமற்றதையும் பரிந்துரைக்கத் தொடங்கியுள்ளன. அத்துடன் இட்ட அட்டையின் வகை, பசை, ஆண்டு ஆகியவற்றை முதுகில் ஒரு சீட்டில் எழுதி ஒட்டும் வழக்கமும் பரவினால், முப்பது ஆண்டுகளுக்குப் பின் அந்தச் சட்டத்தைப் பிரிக்கப்போகும் இன்னொரு தொழிலாளிக்குப் பாதி வேலை குறையும்.